எந்தத் தொப்பி?

என் தமக்கை மகன் என்ஜினீயரிங் முடித்துவிட்டு, மேலே எம்.டெக். படிப்பதா, எம்.பி.ஏ. படிப்பதா என்று என்னிடம் யோசனை கேட்க வந்தான். கல்லூரியைப் பாதியில் விட்ட கதைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! இரண்டும் இரண்டு வருஷப் படிப்பு. சம்பளக் கணக்கை அவனே போட்டு வைத்திருந்தான். எனக்கோ பழைய சம்பவம் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. சொன்னேன்.

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் அமெரிக்காவில் 'சாலஞ்சர்' விண்கலம் கிளம்ப வேண்டும். நல்ல குளிர். ராக்கெட்டின் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப் போகும், கிளப்பாதீர்கள் என்று அதைச் செய்து கொடுத்த கம்பெனியின் என்ஜினீயர்கள் டெலிபோனில் மன்றாடினார்கள். அவர்களுடைய தலைவர் ராபர்ட் லண்டும் முதலில் அவர்கள் கட்சிதான். மேலதிகாரி அவரைப் பார்த்து, என்ஜினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியை மாட்டிக்கொள்ளச் சொன்னார். மாட்டிக்கொண்டார். மறுநாள், கிளம்பிய 73-ஆம் விநாடியில் கலம் சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள்.

"அப்படியானால் எம்.பி.ஏ. வேண்டாம் என்கிறீர்களா, மாமா?"

அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் நிர்வாகியின் நாற்காலியில்தான் இருக்கிறது. வளையத்தின் சங்கதி தெரிந்தவன் அங்கே போகாவிட்டால், தெரியாதவன் போய் உட்காருவான். ஆனால் லண்டுக்கு அந்தச் சங்கதி தெரிந்தேதான் இருந்தது. அதையும் சொன்னேன்.

பையன் காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தான். விண்ணப்பம் போட இன்னும் பத்து நாள் இருக்கிறதாம்.