தப்பும் அருளும்

அருள் வந்து ஆடுபவரை ஆட வைப்பது தெய்வமா, தாளமா? இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதம் நடக்கும் காமன் கூத்தில் இந்த வினா தவிர்க்க முடியாமல் எழுகிறது. ரதி, மதன் ஆடத் தப்பு மேளத்தில் ஓர் அடி. வீரபத்திரன் வர வேறோர் அடி. வேடம் தரித்தவருக்கு அருள் ஏறினால் நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கும்.

தாளத்தால் பரவசம் வருவது கூத்தில் மட்டுமல்ல; நடனக் கூடத்தின் டிஜேயும் கூட்டத்தைப் பார்த்தே தாளத்தை ஏற்றுகிறார்.

சீரான முரசொலி மூளை அலைகளைத் தன்வழிக்கு இழுத்துப் பரவசம் தருகிறது என்று 1962இல் ஆய்வாளர் ஆண்ட்ரூ நெஹர் விளக்கினார். பிரெஞ்சு இசையியலாளர் ஜில்பேர் ரூஷே 1980இல் அதை மறுத்தார்: அப்படியானால் முரசு கேட்பவர் எல்லாரும் மயங்க வேண்டுமே.

தோட்ட வாழ்வு ரூஷேயின் பக்கமே வலுவாகச் சாய்கிறது. விடியலில் பெரட்டு எனும் வேலைப் பிரிப்புக்கு ஆள் கூப்பிட்டதும் இதே தப்புத்தான். அந்த அடி ஆட்களைக் கொழுந்து மலைக்குத்தான் அனுப்பியது. விரதம், நட்ட கம்பம், கதைப்பாட்டு, ஊராரின் எதிர்பார்ப்பு ஆகியவற்றோடு சேரும்போதே ஒலி அருளாகிறது. இதனால் அருள் பொய்யாகிவிடாது. தெய்வம் வர ஒரு வழி வேண்டும் என்பதே பக்தரின் நிலையும்.

ஆனாலும் கூத்தின் பரவசமும் நடனக் கூடத்தின் பரவசமும் ஒன்றல்ல. நடனக் கூடத்தில் ஆடுபவரிடம் யாரும் குறி கேட்பதில்லை. அருள் வந்தவரிடம் கேட்கிறார்கள், திருநீறு வாங்குகிறார்கள், பிறகு சாமியை மலையேற்றுகிறார்கள்.