மண் கேட்கும் மனம்

கோடை முடிந்து முதல் மழை விழுந்ததும் தாமிரபரணிக் கரை வயல்களிலிருந்து ஒரு வாசம் எழும். எல்லோருக்கும் பிடித்த வாசம்தான். நம்மில் சிலருக்கு மட்டும் அது மூக்கோடு நிற்பதில்லை. நாவில் நீர் ஊறும். ஒரு கட்டி மண்ணை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றும். சிலருக்கு அடுப்புச் சாம்பல். சிலருக்குச் சிலேட்டுக் குச்சி, செங்கல் துண்டு, சுவரிலிருந்து பெயர்ந்த காரை. சிலருக்குத் திருநீறு, நெற்றியில் இட்ட கை அப்படியே வாய்க்குப் போகும். யாரும் பார்க்காத நேரத்தில் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

இந்த ஆசையை முதலில் வெட்கத்திலிருந்து விடுவிப்போம். இது இன்று வந்ததல்ல. சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய குறுங்கோழியூர் கிழார், அவன் நாட்டு மண்ணைப் பகைவர் தொட முடியாது, மசக்கை கொண்ட பெண்கள் விரும்பித் தின்றால்தான் உண்டு என்கிறார். புறநானூற்றின் 20ஆம் பாடல் அது. மண் தின்னும் பெண்ணை அவர் ஏசவில்லை, ஒளிக்கவும் இல்லை. அரசனின் பெருமைக்கு நடுவே அவளை உட்கார வைத்திருக்கிறார். எவ்வளவு இயல்பான கனிவு!

தின்பதைப் பற்றிய பழைய கதை இன்னொன்றும் உண்டு. ஆழ்வார்திருநகரியில் ஒரு புளியமரம் இருக்கிறது. அதன் பொந்தில் நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் பேசாமல் இருந்தார் என்பது மரபு. அந்த மௌனத்தைக் கலைத்த மதுரகவியின் கேள்வி உணவைப் பற்றியது. உயிரற்ற ஒன்றினுள் சின்னஞ்சிறு உயிர் பிறந்தால் எதைத் தின்னும், எங்கே கிடக்கும் என்று கேட்டாராம். தான் இருக்கும் இடத்தையே தின்று அங்கேயே கிடக்கும் என்று பதில் வந்ததாம். உடலுக்குள் வந்த உயிர் உடலின் சுகதுக்கங்களையே உண்கிறது என்று பெரியோர் இதற்குப் பொருள் சொல்வார்கள். எனக்கு இதில் இன்னொன்றும் கேட்கிறது. மறைந்து மண் தின்பவர் மண்ணை மட்டும் தின்பதில்லை. மறைவையும் கூடவே தின்கிறார். வெட்கத்தில் கிடக்கும் மனத்துக்கு வெட்கமே உணவாகிவிடுகிறது.

மண்ணின் மேல் ஏன் இந்த ஆசை? பல நேரங்களில் இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருக்கிறது. சரக சம்ஹிதை என்ற ஆயுர்வேத நூல், உடல் வெளிறும் பாண்டு நோயை ஐந்தாகப் பிரித்து, மண் தின்பதால் வருவதை அதில் ஒன்றாக வைத்தது. இன்றைய மருத்துவம் இந்த ஆசையும் இரத்தசோகையும் கைகோத்து வருவதைக் காண்கிறது. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. ஆகவே, தின்பவர் தனியாக இல்லை. பசிக்குப் பெயர் தெரியாத குழந்தை எதையோ காட்டி அழுவதுபோல உடல் மண்ணைக் காட்டி அழுகிறது. அழுகை உண்மை, காட்டும் பொருள்தான் தவறு. மண்ணில் புழுவின் முட்டை இருக்கலாம், பழைய சுவர்ப்பூச்சில் ஈயம் இருக்கலாம். களிமண்ணோ, உணவில் உள்ள இரும்பையும் உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிய பலருக்கு, இரத்த அளவு முழுதாய் ஏறும் முன்பே ஆசை தானாக அடங்கிவிடுகிறது. நேற்று வரை விடாமல் இழுத்தது இன்று நினைவுக்கே வருவதில்லை. எத்தனை ஆறுதல் இது! மாத்திரையைத் தேநீரோடு போடாமல் எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயந்து நிறுத்திவிட வேண்டாம். அது மாத்திரையின் நிறம்தான்.

எல்லா ஆசையும் இரும்பால் தீர்வதில்லை. மனத்தின் தவிப்பிலிருந்து எழுவதும் உண்டு. அதற்கும் மருத்துவர் துணை வேண்டும். அதனோடு நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆசை எழும்போது அதோடு சண்டை போடாமல், அதற்குக் கீழ்ப்படியவும் செய்யாமல், சற்றே உட்கார்ந்திருப்போம். எங்கே எழுகிறது? நாவிலா, தொண்டையிலா, நெஞ்சிலா? ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. ஆசை எழுகிறது, நிற்கிறது, தணிகிறது. எழுவதைப் பார்க்கிற ஒருவர் நமக்குள் அசையாமல் இருக்கிறார். அந்த அசையாமை புதிதாகத் தேடிப் பெற வேண்டியதில்லை. ஆசை எழும் முன்பும் அங்கேதான் இருந்தது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மருமகளின் தலையணைக்கடியில் சாம்பல் பொட்டலத்தைப் பார்த்த மாமியார் சத்தம் போட வேண்டாம். "எனக்கும் மசக்கையில இப்படித்தாம்மா இருந்துச்சு, வா, ஒரு எட்டு ஆஸ்பத்திரி போயிட்டு வந்துருவோம்" என்று சொன்னால் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் மருந்து உண்டு. முடிவு வரும் வரை அந்த பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.