பெயரில்லாத போர்

போர் நியாயமானதா என்ற கேள்வியைக் கத்தோலிக்க மரபு மிகுந்த நுட்பத்தோடு கேட்டிருக்கிறது. அக்வினாஸ் வைத்த நிபந்தனைகள் மூன்று: போர் தொடுப்பவனுக்கு முறையான அதிகாரம் வேண்டும், காரணம் நியாயமாக இருக்க வேண்டும், நோக்கம் நேர்மையாக இருக்க வேண்டும். மூன்றும் கண்முன் நிற்கும் ஒரு போரைப் பற்றியவை. ராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெறச் சம்மதிக்கும் கல்லூரி மாணவனின் கண்முன் எந்தப் போரும் இல்லை. பெயர் வைக்கப்படாத ஒரு போருக்கு அவன் முன்கூட்டியே கையெழுத்திடுகிறான்.

ஃபிலிப் கபூட்டோ 1960ல் கையெழுத்திட்டார். கத்தோலிக்க வளர்ப்பு, சிகாகோவில் சேசு சபையினர் நடத்தும் லயோலா பல்கலைக்கழகம், ஆங்கில இலக்கியப் படிப்பு. மரீன் படையினர் ஆள் பொறுக்க மாணவர் கூடத்துக்கே வந்திருந்தார்கள். 1977ல் வெளிவந்த 'எ ரூமர் ஆஃப் வார்' நூலில் தம் காரணங்களை அவர் மறைக்கவில்லை. கென்னடி காலத்து தேசபக்தி கொஞ்சம், புறநகர் வாழ்வின் சலிப்பு நிறைய, ஆண்மையை நிரூபித்துவிடும் ஆசை. மதம் இதற்கு இடம் தருகிறதா என்ற விசாரத்துக்கு அந்தத் தீர்மானத்தில் பங்கே இல்லை. பையனின் விளையாட்டுத்தனம் என்று இதை ஒதுக்க நான் தயாரில்லை. போர் இல்லாதபோது அந்த மூன்று நிபந்தனைகளை எதன்மேல் வைத்துப் பார்ப்பது?

போர் வந்தபின் கேட்டுக்கொள்ளலாமே எனலாம். லூயி நெக்ரே என்ற கத்தோலிக்கச் சிப்பாய் அப்படித்தான் கேட்டார். பயிற்சி முடிந்து வியட்நாமுக்கு உத்தரவு வந்ததும், இந்தப் போர் அநியாயமானது, என்னை விடுவியுங்கள் என்றார். 1971 மார்ச் 8ந் தேதி (மரீன்கள் டாநாங்கில் இறங்கி சரியாக ஆறு வருஷம், தற்செயல்தான்) அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. எல்லாப் போரையும் மறுப்பவனுக்கே சட்டம் விலக்கு அளித்தது. போரைத் தரம்பிரித்துப் பார் என்ற தன் மதத்தின் போதனையை மதித்தவனுக்கு இடமில்லை. நீதிபதி டக்ளஸ் ஒருவர்தான் மாறுபட்டார்.

சிப்பாய்க்காவது அகஸ்டின் ஒரு புகலிடம் வைத்திருக்கிறார்: அரசன் அநியாயக்காரனானாலும் கீழ்ப்படிந்து போரிட்டவன் நிரபராதியாக இருக்கக்கூடும். அதிகாரியின் நிலை வேறு. தன் பிளட்டூனின் நாற்பது பேருக்கு அவனே அரசன். பட்டப்படிப்பு அவனுக்கு வாங்கித் தருவது இந்த ஸ்தானத்தைத்தான். புகலிடத்துக்கு வெளியே நிற்க அவன் விரும்பிப் போகிறான்.

1965 மார்ச்சில் டாநாங்கில் இறங்கிய கபூட்டோவுக்குச் சில மாதங்களில் இறந்தவர்களைக் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. இரு தரப்புப் பிணங்களின் எண்ணிக்கையைத் தலைமையகப் பலகையில் எழுத வேண்டும். (பேரேடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தப் பக்கங்களைக் கடப்பது சிரமம்.) பிறகு அவரே கேட்டுப் போர்முனைக்குத் திரும்பினார். சந்தேகத்துக்குரிய இரண்டு இளைஞர்களைப் பிடித்துவர இரவில் ஆட்களை அனுப்பினார்; எதிர்த்தால் கொல்லுங்கள் என்பது உத்தரவு. இருவர் கொல்லப்பட்டார்கள். ஒருவன், தகவல் கொடுத்த பையன். கொலை வழக்கு நடந்து, அவருடைய ஆட்களில் ஒருவன் விடுதலையானபின், அவர் மீதிருந்த குற்றச்சாட்டும் கைவிடப்பட்டது.

உத்தரவின் வாசகத்தில் பிழை இல்லை. ஆனால் அவர்கள் சாக வேண்டுமென்று உள்ளூர விரும்பியதையும், வார்த்தையில் வராத அந்த விருப்பம் ஆட்களுக்குப் புரிந்துவிட்டதையும் கபூட்டோ எழுதுகிறார். அகஸ்டினின் தர்க்கப்படி சுட்டவர்கள் நிரபராதிகள் என்றே வைத்துக்கொண்டாலும், விருப்பம் யார் கணக்கில் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.