வாட்டுவது எது?

ஒரு பூ வாடுகிறது என்றால் அதை வாட்டுவது எது? வெயிலா, காலமா, பூவேதானா? கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இதை வைத்துக்கொண்டு இந்தியத் தத்துவவாதிகள் பல நூற்றாண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். உண்டானது தானாகவே அழியும், அழிவுக்குத் தனியாக ஒரு காரணம் தேவையில்லை என்றார் பௌத்தரான வசுபந்து. இல்லாமற்போவது ஒரு பொருளே அல்ல, அதை எந்தக் காரணம் போய் உண்டாக்கும் என்பது அபிதர்மகோசம் என்ற நூலில் அவர் வாதம். எதிரணித் தத்துவப் பள்ளியினரான நியாய வைசேடிகர் விடவில்லை. தடி பட்டால்தானே குடம் உடைகிறது, படாத குடம் முழுசாக இருக்கிறதே என்றார்கள். குடத்தை முன்வைத்துப் பேசும்வரை அவர்கள் கைதான் ஓங்கும். ஆனால் குடம் உயிரற்றது. தன் முடிவில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. இந்த வழக்குக்குப் பொருத்தமான சாட்சி ஜப்பானியத் தோட்டங்களில் இருக்கிறது.

அங்கே அசகாவோ என்று அழைக்கப்படும் கொடி, நம் சர்க்கரைவள்ளிக்கும் கடற்கரை அடம்புக்கும் பங்காளி. பேதி மருந்துக்கான விதையாகச் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போய், பிறகு அழகுக்காக வளர்க்கப்பட்டது. முந்தின நாள் இருட்டி ஏறக்குறைய 10 மணி நேரம் கழித்து மொட்டு அவிழும். அது கணக்கு வைப்பது இருட்டை, விடியலை அல்ல. பகல் ஏற ஏற விளிம்பு உள்நோக்கிச் சுருண்டு, மாலைக்குள் பூ கசங்கிவிடும். வெயில்தான் வாட்டியது என்று யாரும் சொல்வார்கள். ஆனால் 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், வாடலைத் தொடங்கிவைக்கும் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்து அதை அடக்கினார்கள். சாதாரணமாக 13 மணி நேரம் போல நிற்கும் பூ, மறுநாள் காலையிலும் விரிந்தே இருந்தது. அதன் இதழ் செல்கள் தம்மைத் தாமே பிரித்துப்போடுவதுதான் வாடல். அந்த வேலைக்குக் கட்டளையும் உள்ளேயிருந்துதான் வருகிறது.

அப்படியானால் அழிவுக்குக் காரணம் உண்டு என்ற அளவில் நியாயக்காரர் சொன்னது சரி. காரணம் வெளியிலிருந்து வரும் தடியல்ல என்ற அளவில் வசுபந்து சொன்னது சரி. மரபணுவை அடக்கிய பூவும் கடைசியில் வாடத்தானே செய்தது, காரணத்தை நீக்கியும் அழிவு நீங்கவில்லையே என்று வசுபந்து பக்கத்தார் கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த மரபணு முடிவு செய்தது எப்போது என்பதை மட்டும்தான். வாடுமா வாடாதா என்பது அதன் கையில் இல்லை. இந்த இடத்தில் பௌத்தர் வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது. செடிக்கு விருப்பம் என்று ஒன்றில்லை, வாடுவதை அதன் வேலை என்பது கவிஞர் பேச்சு என்பாரும் உண்டு. நாம் உண்ட சோறும் நம் விருப்பத்தைக் கேட்டுச் செரிப்பதில்லை. ஆனாலும் செரிப்பது நாம்தான்.

வசுபந்துவுக்கு உண்மையான நெருக்கடி வேறிடத்தில். அழிவுக்குக் காரணம் தேவையில்லை என்றால் உண்டானது உண்டான கணத்திலேயே அழிய வேண்டும். அப்படிக் கணந்தோறும் எல்லாம் அழிந்தால் தொடர்வது எது? ஒரு கணம் அடுத்த கணத்தைப் பிறப்பித்துவிட்டே மறைகிறது, அந்தத் தொடர்ச்சியைத்தான் நாம் பொருள் என்கிறோம் என்பது பௌத்தர் பதில். 19-ஆம் நூற்றாண்டில் எடோ நகரத்துக்காரர்கள் பித்துப்பிடித்து வளர்த்த விசித்திர அசகாவோக்கள் இந்தப் பதிலைச் சற்று உலுக்குகின்றன. கீற்றுக் கீற்றாகக் கிழிந்தவை, அடுக்கடுக்காக இதழ் மண்டியவை என்று அவற்றில் பல வகை. மிகவும் மெச்சப்பட்ட அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாளும் சூலகமும் இதழாகவே மாறிவிடுவதால் விதை பிடிக்காது. அந்தப் பூவுக்குப் பிள்ளை இல்லை. வளர்ப்பவர்கள் செய்தது என்ன? பார்க்கச் சாதாரணமாக இருக்கும் அதன் உடன்பிறப்புச் செடிகளின் விதையைப் பத்திரப்படுத்தி விதைத்து, முளையின் வித்திலை வடிவத்தைப் பார்த்தே எது விசித்திரமாகும் என்று பிரித்தெடுத்தார்கள். மரபு விதிகளைச் சொன்ன மெண்டலின் கட்டுரை வெளிவந்தது 1866-இல். இவர்கள் அதற்கு முன்பே கைப்பழக்கத்தில் இதைச் செய்துவந்தார்கள்.

இது தொடர்ச்சிதான். ஆனால் பௌத்தர் வரைந்த நேர்கோடு அல்ல. கண்ணைப் பறித்த பூ அடுத்த ஆண்டுக்கு எதையும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. கொடுத்தது பக்கத்துத் தொட்டியில் யாரும் நின்று பார்க்காத செடி. மேலே தெரிவதோடு நில்லாமல், விதையில் மறைந்திருந்து கடந்துபோவதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வசுபந்து இசைவாரானால் அவர் கோட்பாடு நிற்கும். இல்லையென்றால் அடுத்த ஆண்டு அதே அடுக்குப் பூ எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.