விலகி நில் என்ற சொல்



"விலகி நில்" என்ற சொல்லை, கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டில் நாம் கேட்ட அளவுக்கு வேறெந்த ஆண்டிலும் கேட்டிருக்கமாட்டோம். ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பினால் வட்டமிட்டு, அந்த வட்டத்துக்குள் ஒருவர் பின் ஒருவராக நின்றோம். பேரக் குழந்தையை வாரியெடுக்க நீண்ட கையை முதியவர்கள் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். நாள்தோறும் திண்ணையில் அமர்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போகும் சிநேகிதர், தெருவின் எதிர் ஓரத்தில் நின்று கையை உயர்த்திக் காட்டிவிட்டு நடந்தார். அச்சத்தினால் செய்தவை இவை என்பது மெய்யே. ஆயினும் அந்த அச்சத்துக்குள்ளே, நம்மால் பிறருக்குத் தீங்கு வந்துவிடக் கூடாதே என்ற பரிவும் கலந்திருந்தது. அதே சொல்லைத் துவேஷம் குடிகொண்ட நெஞ்சிலிருந்து கேட்டவர்களும் அந்த ஆண்டிலே இருந்தார்கள். தள்ளுவண்டியில் காய்கறி கொண்டுவந்த மனிதரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால் பெயரைக் கேட்டு, பெயரிலிருந்து மதத்தை அறிந்து, வந்த வழியே திருப்பியனுப்பிய தெருக்கள் நம் தேசத்தில் இருந்தன.

ஒரே சொல் ஓரிடத்தில் பரிவாகவும் வேறோரிடத்தில் பகையாகவும் நின்ற அந்த வேற்றுமையை எண்ணும்போதெல்லாம் என் சித்தம் 1897ஆம் ஆண்டின் பூனா நகரத்துக்குப் போய்விடுகிறது.

பம்பாயில் 1896 செப்டம்பரில் தலைகாட்டிய பிளேக் நோய் சில மாதங்களில் பூனாவை எட்டியபோது, அந்த நகரத்தார் முன்பே பல கட்சிகளாகப் பிரிந்து நின்றார்கள். 1895 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை அங்கே கூடிய சமயம், அதே பந்தலில் சமூக சீர்திருத்த மாநாட்டையும் நடத்தலாமா என்ற விவாதம் முற்றிப்போய், ரானடே முதலிய சீர்திருத்தப் பெரியோர்கள் தங்கள் மாநாட்டை வேறிடத்தில் நடத்திக்கொள்ள நேர்ந்தது. ஒரே பந்தலின் நிழலில் சேர்ந்து அமர மனமில்லாதிருந்த ஊருக்குத்தான் அந்த மகா வியாதி வந்து சேர்ந்தது. 1897 பிப்ரவரியில் சர்க்கார் தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றிற்று. ராண்ட் என்ற அதிகாரியின் கீழ்ச் சிப்பாய்கள் வீடுவீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். மருந்து கொண்டுவர வேண்டிய கை துப்பாக்கியோடு வந்ததைக் கண்ட ஜனங்கள், நோயைவிடச் சோதனைக்கே அதிகமாக அஞ்சினார்கள். ஜூன் 22ஆம் தேதி, விக்டோரியா மகாராணியின் வைர விழா இரவில், சாபேகர் சகோதரர்கள் என்போர் ராண்டைச் சுட்டார்கள். அதைத் தொடர்ந்து திலகர் ராஜத்துவேஷக் குற்றத்துக்காக 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். சரித்திர நூல்கள் விரித்துரைக்கும் பகுதி இது. அவை பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிற வேறொரு நிகழ்ச்சி, சிப்பாய்களின் சோதனை தொடங்குவதற்குச் சற்று முன்பே, நகரத்துக்கு வெளியே நடந்து முடிந்திருந்தது.

சாவித்திரிபாய் பூலே அம்மையாருக்கு அப்போது வயது 66. தம் கணவர் ஜோதிராவுடன் சேர்ந்து 1848ஆம் ஆண்டில் பூனாவில் பெண் குழந்தைகளுக்கென்று பள்ளிக்கூடம் தொடங்கி, பாடம் சொல்லிக்கொடுக்கப் போகும் வழியில் ஊரார் எறிந்த சேற்றையும் சாணத்தையும் தாங்கிக்கொண்டு, பள்ளிக்குப் போனதும் உடுத்திக்கொள்ள மாற்றுப் புடவையொன்றையும் கையோடு எடுத்துச்சென்றவர் அவர். 1890இல் கணவர் காலமானார். இத்தனையும் அனுபவித்த ஒருவர், அந்த வயதில், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டோடு இருந்திருந்தால் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அவரோ, ஒரு பிராமண விதவைக்குப் பிறந்து தம்மால் வளர்க்கப்பட்டு மருத்துவரான மகன் யஷ்வந்தைத் துணைக்கொண்டு, ஹடப்ஸர் அருகே, ஊருக்கு ஒதுக்குப்புறமாக, பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை நிலையம் அமைத்தார். முண்ட்வா கிராமத்துக்கு வெளியே, தீண்டாமைக்கு ஆளான மகார் மக்கள் வாழ்ந்த குடியிருப்பில் ஒரு சிறுவன் பிளேக் கண்டு கிடக்கிறான் என்ற செய்தி வந்ததும், தாமே அங்கு போய், அவனைத் தம் முதுகிலே சுமந்துகொண்டு சிகிச்சை நிலையத்துக்கு வந்தார். நோய் அவரையும் பற்றிக்கொண்டது. மார்ச் 10ஆம் தேதி அவர் உயிர் நீத்தார்.

அந்தச் சிறுவனைச் சற்றே நினைத்துப் பாருங்கள். "விலகி நில்" என்ற சொல் அவனுக்குப் புதிதாய் இருந்திருக்காது. கிருமி ஊருக்குள் வருவதற்கு வெகு காலம் முன்பே, நோயற்ற நாட்களிலும், கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் நடுத்தெருவிலும் அவன் தகப்பனும் பாட்டனும் கேட்டுக் கேட்டு வளர்ந்த சொல் அது. நமக்கு இரண்டொரு ஆண்டுகள் வாய்த்த அந்த அனுபவம், மனிதரைக் கண்டு மனிதர் ஒதுங்கும் அந்தக் கூச்சம், தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகத்துக்கு நாம் விதித்து வைத்திருந்த வாழ்க்கை. அப்படிப்பட்டவனை ஒரு முதிய பெண்மணி முதுகிலே தூக்கிக்கொண்டார். அவன் முகம் அவர் தோளிலே சாய்ந்திருக்கக்கூடும்.

இதில் நான் வியப்பது அவருடைய தைரியத்தை மாத்திரமன்று, அவருடைய விவேகத்தையும்தான். தொற்றின் தன்மையை அவர் அறியாதவரல்லர்; அறிந்ததனால்தான் சிகிச்சை நிலையத்தை ஜன நடமாட்டத்தினின்றும் தள்ளி வைத்தார். எந்த இடைவெளி நோய்க்காக ஏற்பட்டது, எந்த இடைவெளி மனிதரின் கொடுமையினால் ஏற்பட்டது என்று பிரித்தறிந்து, முதலாவதைக் காத்து, இரண்டாவதைத் தம் கால்களால் நடந்து கடந்தார். கருணை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருளை எந்த நிகண்டிலும் நான் கண்டதில்லை.

நம்பிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நம்பிக்கை என்றால் நல்ல முடிவு நிச்சயம் என்ற எண்ணம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது இன்னொரு நிகழ்ச்சி. அதே 1897ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி பம்பாயில், ஒடெஸாவிலிருந்து வந்த யூதரான ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி, அற்ப வசதிகளுடன் தாம் தயாரித்த பிளேக் தடுப்பு மருந்தை முதன்முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். அது பலிக்குமா என்று அப்போது யாரும் அறியார். அவர் பெயரால் ஆராய்ச்சி நிலையம் விளங்குவதெல்லாம் பின்னர் நேர்ந்தது. முடிவு தெரியாமலே செய்யவேண்டியதைச் செய்யும் மனநிலைக்கும் நம்பிக்கை என்றுதான் பெயர் போலும்.

பூனாவில் சிப்பாய்களுக்குக் கதவுகளைத் திறந்துவிட்ட அந்தத் தொற்றுநோய்ச் சட்டம் 2020இலும் வழக்கில் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 19ஆம் தேதி இரவு, கொரோனா கண்டு இறந்த ஒரு மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது, திரண்டு வந்த கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. ஆம்புலன்ஸில் போனவர்கள் காயமுற்றார்கள். அந்தக் கூட்டத்தாரை அரக்கர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகுட்டிகளை நினைத்து நடுங்கியவர்கள். அடக்கம் செய்த உடலிலிருந்து நோய் பரவாது என்பதை எடுத்துச்சொல்ல அந்த நேரத்தில் அவர்கள் நம்பக்கூடிய ஒருவரும் அங்கே இல்லை. ஆனாலும் இறந்தவரின் சக மருத்துவர் ஒருவர், நள்ளிரவில், ஆஸ்பத்திரி ஊழியர் இருவரோடும் காவலர்களோடும் மயானத்துக்குத் திரும்பிப்போய், மண்வெட்டி போதாமல் கைகளாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். மூன்று நாட்கள் கழித்து, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்குத் தண்டனை விதித்து, 1897ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் மூன்று நாளில் வந்தது விரைவுதான். அந்தச் சக மருத்துவரோ அன்றிரவே மயானத்துக்குப் போய்விட்டார்.

எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2021ஆம் ஆண்டில், நோயின் இரண்டாம் அலைக்கு நடுவே, ஏப்ரல் 6ஆம் தேதி சட்டசபைத் தேர்தல் நடந்தது. தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும், தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரும் எதிரெதிர்க் கட்சி அபிமானிகள். அந்தத் தேர்தல் பேச்சில் வார்த்தை தடித்து, இருவரும் முகங்கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். மே மாதத்தில் பெரியவர் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் கண்டு கதவு சாத்தப்பட்டது. மறுநாள் விடியற்காலையில் அந்த வீட்டுச் சுற்றுச்சுவர் மேல் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதில் இரண்டு பால் பாக்கெட்டும் ஒரு கீரைக்கட்டும். கடைக்காரர் வந்து பையை வைத்துவிட்டு, சைக்கிள் மணியை இரண்டு முறை அடித்துவிட்டு, எதிர்ப்புற விளக்குக் கம்பத்தடிக்குப் போய்விடுவார். பதினைந்து நாளும் இப்படியே நடந்தது. தேர்தலைப் பற்றிய அபிப்பிராயத்தை இருவரில் ஒருவரும் இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பதினைந்து விடியற்காலைகளிலும், கதவு திறந்து, ஒரு கை பையை எடுத்துக்கொண்டு உள்ளே போகும் வரையில், கடைக்காரர் அந்த விளக்குக் கம்பத்தடியிலேயே நின்றுகொண்டிருப்பார்.