அறியாதார் நடுவே அறம்

இராமேசுவரம் தீவிலிருந்து சென்னைக்குப் புறப்படும் இரயில், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின்மீது மெல்ல ஊர்கிறது. பழைய பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்கு இருபுறமும் கடல். மறுநாள் காலை கண்விழித்தால் தலைநகர். ஓரிரவுப் பயணந்தான், ஆயினும் அவ்வோரிரவில் நம் மனச்சான்று ஓர் உலகினின்று வேறோர் உலகிற்குக் குடிபெயர்ந்துவிடுகிறது.

தீவில் யாரும் அயலாரல்லர். தங்கச்சிமடத்துத் தெருவில் ஒருவர் மயங்கி விழுந்தால், அவர் இன்னார் மகன், இன்னார் மருமகன் என்று சொல்லிக்கொண்டே நாலுபேர் தூக்கிவிடுவர். கடலுக்குச் சென்ற நாட்டுப்படகு திரும்பத் தாமதித்தால், அவ்வீட்டாருடன் கரையும் விழித்திருக்கும்.

தலைநகரில் இறங்கிய ஒரு காலை, மேம்பாலப் படிக்கட்டில் மூதாட்டி ஒருவர் சுருண்டு கிடக்கக் கண்டோம். கூட்டம் ஒதுங்கி நடந்தது. நாமும் ஒதுங்கி நடந்தோம். நேரமாகிவிட்டது என்று நமக்கு நாமே சாக்குச் சொல்லிக்கொண்டோம். மாலையில் அவ்வழியே திரும்பியபோது அவர் அங்கில்லை. தீவில் அவ்வாறு கடந்து போயிருப்போமா? மாட்டோம். அன்பினாலா, ஊர் பேசுமே என்னும் அச்சத்தாலா? இக்கேள்வி இன்றும் நம்மை விடவில்லை.

நகரத்தைப் பழிப்பது எளிது. முதற் கொலைகாரனாகிய காயினே ஒரு நகரைக் கட்டினான் என்று தொடக்க நூல் கூறுகிறது. ஆனால் தம்பியை அவன் கொன்றது நகரில் அன்று. உறவினரன்றிப் பிறர் இல்லாத வயல்வெளியில். ஆகவே, நகரம் நம் நன்மையைப் பறிப்பதில்லை. அதைக் கண்டுகொண்டிருந்த கண்களை மட்டுமே அகற்றிவிடுகிறது. அதன்பின் எஞ்சுவது எதுவோ, அதுவே நம்முடையது.

ஊரின் கண்ணுக்கு அஞ்சுவது வீண் என்பதன்று. வேலியின்றிக் கன்று வளராது. ஆனால் வேலியே மரமாகிவிடாது. மேலும், எல்லாரையும் அறிந்த ஊர் எல்லாரையும் மதிப்பதுமில்லை. சாதியாலும் கடனாலும் விதவைக் கோலத்தாலும் ஒடுக்கப்பட்டோர் பலர், யாரும் தம்மை அறியாத நகரில்தான் நிமிர்ந்து நடக்கின்றனர்.

திருத்தூதர் பவுலும் ஒரு தீவிலிருந்து தலைநகருக்குச் சென்றவரே. கப்பல் உடைந்து 276 பேர் மால்தாவில் கரையேறியபோது, முன்பின் அறியாத அத்தீவினர் மழையிலும் குளிரிலும் அவர்களுக்குத் தீ மூட்டிக் கொடுத்தனர். மூன்று திங்களுக்குப்பின் அவர் உரோமையை நெருங்கினார். அந்நகரத்துச் சகோதரர்கள் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலிருந்த அப்பியு சந்தைவரை வந்து அவரை எதிர்கொண்டனர். வந்தவரோ விலங்கிடப்பட்ட கைதி! அவர்களைக் கண்டதும் பவுல் இறைவனுக்கு நன்றி கூறித் துணிவடைந்தார். தீவின் அன்பும் நகரின் அன்பும் ஒன்றே: அறியாதவரைத் தம்மவராய் ஏற்பது.

மக்கள் திரளின் நடுவே புதியதொரு தனிமை பிறப்பதைத் திருத்தந்தை ஆறாம் பவுல் தம் 1971-ஆம் ஆண்டுத் திருமடலில் எடுத்துக்காட்டி, தெருவிலும் குடியிருப்பிலும் உறவைக் கட்டியெழுப்ப அழைத்தார். நம் அன்பியங்கள் அதற்கன்றோ உள்ளன? செபம் முடிந்ததும் கதவைச் சாத்திக்கொள்ளும் அன்பியம் வேலி மட்டுமே. புதிதாய்க் குடிவந்தவரின் கதவைத் தட்டும் அன்பியமே மரம்.

அம்மூதாட்டியின் பெயரை நாம் அறியோம். அவரை நாம் கடந்து சென்றதை ஊரில் எவரும் அறியார். இறைவன் அறிவார், நாமும் அறிவோம். அடுத்தமுறை படியேறுகையில் நம் கால்கள் நிற்குமானால், அன்றுதான் நாம் தீவில் கற்றதை நகருக்குக் கொண்டுவந்தவராவோம்.