ஏகாந்தவாதமும் நல்லாட்சியும்



'யாம் கூறுவதே முழு உண்மை. பிறர் கூற்று முழுப் பொய்' என்பது ஏகாந்தவாதம். அஃது ஆட்சியில் புகின் நாடு துன்புறும்.

அமெரிக்காவில் எல்லைச் சுவருக்கென அதிபர் டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டார். ஜனநாயகக் கட்சியினர் மறுத்தனர். 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள்கள் அரசுப் பணிகள் பல முடங்கின. ஏறத்தாழ 8 லட்சம் ஊழியர்க்கு உரிய நாளில் ஊதியம் கிட்டவில்லை. வாதிட்ட அவை உறுப்பினர்தம் ஊதியமோ நிற்கவில்லை!

அந்நாட்டிலேயே 1983இல் முதியோர் ஓய்வூதிய நிதி வற்றும் நிலை எய்தியது. அதிபர் ரீகனும், எதிர்க்கட்சியைச் சார்ந்த அவைத்தலைவர் ஓநீலும் இரு கட்சியினர் அமர்ந்த குழுவின் பரிந்துரையை ஏற்றனர். ஒரு தரப்பார் வரி உயர்வுக்கு இசைந்தனர்; மறு தரப்பார் சலுகைக் குறைப்புக்கு இசைந்தனர். நிதி காக்கப்பட்டது. அநேகாந்தத்தின் பயன் இதுவன்றோ?

ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு நாம் ஒன்று கூறி வந்தோம்: 'மறுக்குமுன், எதிர்த்தரப்பின் கருத்தை அவரே ஆமெனும்படி எடுத்துரையுங்கள்.' சட்டமன்றத்திற்கும் ஊராட்சிக்கும் நம் ஆலயக் குழுவிற்கும் இதுவே மருந்து. பிறர் சொல்லிலுள்ள உண்மையைக் கொல்லுதலும் இம்சையே. அதனை இன்றே நம் இல்லத்தில் கைவிடுவோமாக!

அறம் வளர்க!